பாலக்காட்டுப் பக்கம் ஈயம் பூசப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பித்தளையும் செம்பும் மறுபடி அடுப்பேறத் தொடங்கியதால் ஈயம் பூசுகிறவர்களுக்கும் மறுபடி வேலை வந்திருக்கிறது. கோவை, பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து துருத்தியும் கரி மூட்டையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வாளையாறு தாண்டியோ, கோபாலபுரம் வழியாகக் கொழிஞ்சாம்பாறைக்கோ, கோவிந்தாபுரம் வழியாக முதலமடை, கொல்லங்கோடு, நெம்மாறை என்றோ வாரக்கணக்கில் சுற்றி வருகிறவர்கள் இருக்கிறார்கள். புதிதாக இறங்கும் பையன்களும் உண்டு. அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். வழியில் நடக்கும் தவறுகளில் பாதிக்கு மேல், "இந்தத் தெருவுக்கு இனி எப்போது வரப் போகிறோம்" என்ற நினைப்பில் செய்பவை. ஆனால் பூச்சு தேய்ந்ததும் அதே வீட்டுக்காரர்கள் உங்களைத்தான் தேட வேண்டும். அதே வாசலில் போய் நிற்கிற தைரியம் நமக்கு இருக்க வேண்டும்.

முதல் தவறு, மன்னிக்க முடியாததும் அதுதான்: பூச்சுக்கான வெள்ளீயத்தோடு (டின்) காரீயம் (லெட்) கலப்பது. வெள்ளீயம் விலை அதிகம், காரீயம் மலிவு. இரண்டும் கலந்தால் சீக்கிரம் உருகும், சுலபமாக ஓடும், பூசி முடித்ததும் பார்க்க வித்தியாசமே தெரியாது. அந்தப் பாத்திரத்தில் புளிக்குழம்பு கொதித்தால் காரீயம் கரைந்து சாப்பாட்டோடு உள்ளே போகும். எலும்பில் தங்கும், குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். தெரிந்து கலக்கிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. தெரியாமல் கலப்படக் கம்பியை வாங்கி வருகிறவர்கள்தான் அதிகம்.

வாங்கும்போது கம்பியைக் காதருகே வைத்து மெல்ல வளைத்துப் பாருங்கள். சுத்தமான வெள்ளீயம் கறகறவென்று ஒரு சத்தம் போடும். காரீயம் சத்தமில்லாமல் வளையும். அப்புறம் கம்பியை வெள்ளைத் தாளில் அழுத்தித் தேய்த்தால் காரீயம் பென்சில் கோடு மாதிரிக் கறுப்பாக இழுக்கும். கொஞ்சமாகக் கலந்திருந்தால் இந்தச் சோதனைகளில் தப்பிவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதனால் நம்பிக்கையான கடையில் பில்லோடு வாங்கி, கிளம்பும்போதே போதுமான அளவு எடுத்துக்கொள்வது நல்லது. பயணத்தின் நடுவில் தீர்ந்துபோய், கிடைத்த சால்டரிங் கம்பியை வாங்கிப் பூசுவதைப் பார்த்திருக்கிறேன். அதில் பெரும்பாலும் காரீயம் இருக்கும். ஈயம் தீர்ந்தால் வேலையை நிறுத்திவிட்டு ஊர் திரும்புங்கள்.

அடுத்தது சூடு. வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும், கரி நெருப்பு அதைவிட எத்தனையோ மடங்கு போகும். வரிசையில் ஆள் நிற்கிறார்களே என்று துருத்தியை வேகமாக அடித்தால், பூச்சு மஞ்சளடித்து மங்கிப் போகும். பாத்திரம் சூடேறியதும் நவச்சாரப் பொடியை (அமோனியம் குளோரைடு உப்பு) தூவுங்கள். வெள்ளைப் புகை எழும்பி, உள்பக்கம் அழுக்கு விட்டுப் பளிச்சென்று ஆகும். அந்த நொடியில் கம்பியைத் தொட்டால் பாதரசம் மாதிரி ஓட வேண்டும். ஓடியதும் பஞ்சால் ஒரே வாக்கில் துடைத்துப் பரப்பிவிட்டு நெருப்பிலிருந்து எடுத்துவிட வேண்டியதுதான். புளியும் மணலும் போட்டுத் தேய்ப்பதைச் சோம்பலில் பாதியில் விட்டால், அந்த இடத்தில் ஈயம் பிடிக்காது. எத்தனை தடவை தடவினாலும் திட்டுத் திட்டாகத்தான் நிற்கும்.

நெருப்பில் வைப்பதற்கு முன் பாத்திரத்தைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். பழைய ஒட்டு இருந்தால், அது ஈயப் பற்றாக இருந்தால், சூட்டில் கழன்று விழுந்துவிடும். அதை முதலிலேயே வீட்டுக்காரர் கையில் காட்டிப் பேசிவிட வேண்டும். ஓட்டை விழுந்த பிறகு சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். பாலக்காட்டுக் கல்பாத்தி மாதிரியான அக்ரகாரங்களில் இன்னொரு ஆபத்து. பித்தளைப் பாத்திரங்களோடு சேர்த்து ரசம் வைக்கும் ஈயச்சொம்பையும் "இதையும் கொஞ்சம் பளபளன்னு ஆக்கிக் கொடுங்கோ" என்று வைத்துவிடுவார்கள். அது முழுக்க முழுக்க வெள்ளீயம். நெருப்பில் வைத்தால் பாட்டி காலத்துச் சொம்பு கண் முன்னால் உருகி ஓடும். தனியாக எடுத்து வைத்து, மெதுவாகக் கழுவிக் கொடுத்தால் போதும். பாயசம் காய்ச்சும் வெண்கல உருளிக்கும் பொதுவாகப் பூச்சு வேண்டியதில்லை. "இது வேண்டாம்மா" என்று சொல்லித் திருப்பிக் கொடுங்கள். ஒரு உருளிக் கூலி போனாலும் அந்த வீடு உங்களுடையது.

காசு வாங்கியதும் கிளம்பிவிடுவது பலரும் செய்யும் தப்பு. பூசிய பாத்திரத்தை வெறுமனே அடுப்பில் வைக்கக் கூடாது, அதில் எண்ணெய் காய வைத்துத் தாளிக்கக் கூடாது, கம்பி நார் போட்டுத் தேய்க்கக் கூடாது. காய்ந்த எண்ணெயின் சூடு வெள்ளீயம் உருகும் அளவை நெருங்கிவிடும். இந்த மூன்றையும் சொல்லாமல் வந்தால், பத்து நாளில் பூச்சு போய், பழி உங்கள் மேல் விழும். சமையல் செய்கிறவரிடமே சொல்லுங்கள். வாசலில் காசு கொடுக்கிறவரிடம் சொல்லிப் பயனில்லை.

காலம் பார்க்காமல் போவதும் நஷ்டம். ஜூலை நடுவில் தொடங்கும் மலையாளக் கர்க்கிடக மாதத்தில் மழையும் விடாது, வீடுகளில் கையில் காசும் இருக்காது. அதன் கடைசி வாரத்தில் போனால் ஓணத்துக்குப் பாத்திரம் எடுப்பார்கள். ஏப்ரல் நடுவில் வரும் விஷுவுக்கு முந்தைய வாரங்கள், நவம்பரில் கல்பாத்தித் தேருக்கு முந்தைய நாட்கள் நல்லவை. மழைக்காலத்தில் நவச்சாரம் ஈரம் இழுத்துக் கட்டியாகும். அதை இடுக்கி, சுத்தியலோடு ஒரே பெட்டியில் போட்டால் இரும்பைத் துரு தின்றுவிடும். மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பாவில் தனியாக வையுங்கள்.

மழைக்கு ஒதுங்கித் திண்ணையில் அடுப்பு போடுவது உடம்புக்கு வினை. நவச்சாரப் புகை கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும், அக்ரகாரத்தில் ஒட்டி ஒட்டி இருக்கிற வீடுகளுக்குள்ளும் போகும். தெருக்கோடியில் வெட்டவெளியில் போடுங்கள், காற்று உங்கள் முதுகில் படும்படி உட்காருங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றை லேசாக நினைக்கக் கூடாது. மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்து அடிக்கிற காற்று கரிப்பொறியை வைக்கோல் போர் வரை கொண்டு போகும். பக்கத்தில் தண்ணீர்க் குடம் எப்போதும் நிறைந்திருக்கட்டும்.

பாத்திரங்களை வாங்கிக்கொண்டு "ஊரில் வைத்துப் பூசி அடுத்த வாரம் தருகிறேன்" என்று எல்லை தாண்டாதீர்கள். வண்டி நிறையப் பழைய பித்தளையும் குத்துவிளக்கும் இருந்தால், சோதனையில் நிறுத்துகிற போலீஸ்காரருக்குக் கோயில் திருட்டு ஞாபகம்தான் வரும். அவர் சந்தேகப்படுவதில் தவறும் இல்லை. முடிந்தவரை வாசலிலேயே பூசிக் கொடுங்கள். எடுத்துப் போக வேண்டியிருந்தால், ஒரு நோட்டில் வீட்டுப் பெயர், பாத்திரம், எடை எழுதி, அவர்கள் கையெழுத்தும் வாங்கி, போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். கூலியையும் நெருப்பு மூட்டுவதற்கு முன்பே பேசி அதே பக்கத்தில் எழுதிவிடுங்கள். பாஷை பெரிய தடை இல்லை. சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழே போதும். உள்ளே போகப் போக "சேச்சி", "சேட்டா" என்று கூப்பிட்டு, காதில் விழுகிற மலையாளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்ளலாம். வண்டியின் இன்சூரன்ஸும் புகைச் சான்றிதழும் காலாவதி ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, இருட்டுப் பயணம். வேலை முடிய நேரமாகிவிட்டது, ராத்திரியே ஊர் போய்விடலாம் என்று கிளம்புவார்கள். கஞ்சிக்கோட்டுக்கும் வாளையாற்றுக்கும் நடுவில் யானை நடமாட்டம் உண்டு. அங்கே ரயிலில் அடிபட்டே யானைகள் செத்திருக்கின்றன. நாள் முழுக்கப் புகையில் உட்கார்ந்து கண் எரிகிற நேரத்தில், மொபெட்டில் மூட்டை கட்டிக்கொண்டு அந்த ரோட்டில் போக வேண்டாம். கரியைத் தண்ணீர் ஊற்றி நன்றாக அணைத்து, தொட்டுப் பார்த்து ஆறிய பிறகே மூட்டையில் கட்டுங்கள். பாலக்காட்டிலேயே ஒரு இடம் பார்த்துத் தங்கிவிட்டு, விடிந்து போகலாம்.