லேப்டாப் டிஸ்ப்ளேக்கு எஸ்.எம்.பி.எஸ். கரண்ட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் என்று டெல்டாவில் எந்த ஊர்க் காயலான் கடையில் தேடினாலும் செத்த லேப்டாப் ஒன்றிரண்டு கிடைக்கும். மதர்போர்டு போயிருக்கும், கீல் ஒடிந்திருக்கும், டிஸ்ப்ளே, அதாவது பேனல், மட்டும் பழுதில்லாமல் இருக்கும். அதைக் கழற்றி, பழைய கம்ப்யூட்டருக்குள் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்ஸிலிருந்து கரண்ட் கொடுத்து, கடை கேமராவுக்கு மானிட்டராக்கிவிடலாம் என்று பலர் இறங்குகிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் 'டிஸ்ப்ளேக்கு 12 வோல்ட், மஞ்சள் வயரில் 12 வோல்ட், வேலை முடிந்தது' என்று நினைப்பதில்தான் முக்கால்வாசி பேனல்கள் போகின்றன.

பேனலுக்குள் போவது ஒரு கரண்ட் அல்ல, இரண்டு. படம் காட்டும் சர்க்யூட்டுக்கு 3.3 வோல்ட். பின்னால் எரியும் எல்.இ.டி. பேக்லைட்டுக்குத் தனியாக, பெரும்பாலும் 12 வோல்ட். இரண்டும் ஒரே கனெக்டரில், குண்டூசி முனையைவிடப் பொடியான பின்கள் வழியாகப் போகின்றன. 12 வோல்ட் தவறிப்போய் 3.3 பின்னில் பட்டால் புகைகூட வராமல் பேனல் செத்துவிடும். சரியாகவே கொடுத்தாலும் கரண்ட் மட்டும் வைத்துப் படம் வராது. அதனால் வரும் படத்தைப் பேனலுக்கு ஏற்றபடி மாற்றித் தர, நடுவில் ஒரு எல்.சி.டி. கன்ட்ரோலர் போர்டு கட்டாயம். எஸ்.எம்.பி.எஸ். வயர் அந்த போர்டோடு நிற்க வேண்டும். பேனல் பக்கம் போகவே கூடாது.

போர்டு வாங்கும்போது லேப்டாப் மாடலைச் சொல்லி வாங்குவது அடுத்த தவறு. ஒரே மாடலுக்குள் இரண்டு மூன்று கம்பெனி பேனல் இருக்கும். பேனலின் முதுகில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள நம்பர்தான் கணக்கு. படத் தகவலை வாங்கும் முறையில் பேனல் பழைய எல்.வி.டி.எஸ். வகையா, புதிய இ.டி.பி. வகையா என்பதும் அதை வைத்துத்தான் தெரியும். கனெக்டர் பார்வைக்கு ஒன்றாக இருக்கிறதே என்று ஒன்றின் கேபிளை இன்னொன்றில் அழுத்திச் செருகினால், பேக்லைட்டுக்கான 12 வோல்ட் போய் டேட்டா பின்னில் உட்காரும். பல போர்டுகளில் பேனல் வோல்டேஜைத் தேர்ந்தெடுக்க, இடம் மாற்றிச் செருகும் சின்ன மூடியான ஜம்பர் ஒன்று உண்டு: 3.3, 5, 12 என்று பக்கத்திலேயே அச்சடித்திருக்கும். டி.வி. பேனலுக்காக அது 5-லோ 12-லோ நிற்கலாம். பேனலை மாட்டாமல் போர்டுக்கு மட்டும் கரண்ட் கொடுத்து, பேனல் கனெக்டரில் 3.3 வருகிறதா என்று மல்டிமீட்டரில் பார்த்துவிட்டு, அப்புறம் அணைத்து பேனலைச் செருகுங்கள்.

2010-க்கு முந்தைய பேனல் என்றால் பின்னால் எல்.இ.டி.க்குப் பதில் மெல்லிய டியூப் இருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு இன்வெர்ட்டர் போர்டு தனியாக வேண்டும், அதில் பல நூறு வோல்ட் ஓடும், டியூப் உடைந்தால் உள்ளே பாதரசம். அப்படிப்பட்ட பேனல் சும்மா கிடைத்தாலும் நான் எடுக்க மாட்டேன்.

சரி, எஸ்.எம்.பி.எஸ். பக்கம் வருவோம். லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேரே 14, 16 ஆம்பியர் என்று போட்டிருப்பதைப் பார்த்து, அத்தனையும் பாய்ந்து டிஸ்ப்ளே கருகிவிடும் என்று சிலர் பயப்படுவார்கள். அப்படி ஆகாது. போர்டும் 15.6 இன்ச் எல்.இ.டி. பேனலும் சேர்ந்து இழுப்பது ஒரு ஆம்பியரைச் சுற்றித்தான். பயப்பட வேண்டியது ஷார்ட்டுக்கு. மெல்லிய வயர் எங்காவது உரசி ஷார்ட்டானால், எஸ்.எம்.பி.எஸ். அதைப் பெரிய லோடு என்று எண்ணி விடாமல் கொடுத்துக்கொண்டே இருக்கலாம்; அதற்குள் வயர் பழுத்துவிடும். மஞ்சள் வயரில் 2 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று போடுங்கள். பைக்குக்கு வயரிங் செய்யும் கடையில் ஹோல்டரோடு கிடைக்கும். இருபது ரூபாய் மிச்சம் பிடிக்கிற இடம் இது இல்லை.

மஞ்சள் 12, சிவப்பு 5, கறுப்பு கிரவுண்டு என்பது பொது வழக்கம். சில பிராண்டட் கம்ப்யூட்டர்களில் இது மாறும், மீட்டர் வைக்காமல் நம்ப வேண்டாம். மதர்போர்டு இல்லாமல் எஸ்.எம்.பி.எஸ்ஸைத் தனியாக ஓட்ட, பச்சை வயரைக் கறுப்போடு சேர்த்தால் ஸ்டார்ட் ஆகும். பழைய எஸ்.எம்.பி.எஸ்ஸில் லோடு இல்லாமல் வோல்டேஜ் நிலையாக நிற்காது. பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றை மாட்டிவிட்டு மஞ்சள் வயரை அளந்தால் 11.4-லிருந்து 12.6-க்குள் வர வேண்டும். பச்சையைப் பிரித்துவிட்டால் அணைந்ததாக எண்ணிக் கை வைக்காதீர்கள்; ஊதா வயரில் 5 வோல்ட் அப்போதும் இருக்கும். சுவர் சுவிட்சை அணையுங்கள். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் திறக்கவே வேண்டாம், உள்ளே கப்பாசிட்டரில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். பின்பக்கம் சிவப்பு ஸ்லைடு சுவிட்ச் இருந்தால் அது 230-ல் இருக்க வேண்டும். 115-ல் இருந்து நம்மூர் கரண்டைக் கொடுத்தால் பட்டென்று வெடிக்கும்.

நம் பழைய வீடுகளில் மூன்றாவது பின் பேருக்குத்தான் இருக்கும். எர்த் இல்லாவிட்டால் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் தொட்டாலே சுள்ளென்று இழுக்கும். எர்த் குழி இருக்கிற வீட்டிலும் சித்திரை வெயிலில் அது காய்ந்து கிடக்கும், இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்றில் கனெக்டர் பின்னெல்லாம் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். அதைச் சுத்தம் செய்யாமல் செருகினால் அந்த இடம் சூடாகி பிளாஸ்டிக் உருகும்.

எல்லாம் மாட்டியும் திரை இருட்டாக இருந்தால் உடனே பேனலைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். சாய்வாக டார்ச் அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் பேனல் உயிரோடுதான் இருக்கிறது, பேக்லைட்டுக்குப் போகும் 12 வோல்ட்டைத்தான் தேட வேண்டும்.