விபி6-ஐத் தூக்கிப் போடும் முன்: ராமநாதபுரம் கரையில் நடக்கும் தவறுகள்

மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம், தொண்டி என்று எங்கள் கரையோரத்தில் விஷுவல் பேசிக் 6 (விபி6) என்ற பழைய நிரல்மொழியில் எழுதிய கணக்கு மென்பொருள் ஓடும் மீன் கம்பெனிகளும் ஐஸ் கம்பெனிகளும் இன்றும் உண்டு. படகு வாரியாக எடை, ரேட், டீசல், ஐஸ், முன்பணம், பங்கு எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. படிப்பு முடித்து வருகிற தம்பிகள் அந்தச் சாம்பல் நிறத் திரையைப் பார்த்ததும், "அண்ணே, இது செத்துப்போன லாங்குவேஜ். தூக்கிப் போட்டுட்டு புதுசா எழுதிடலாம்" என்கிறார்கள். அந்தப் பேச்சில் பாதி நியாயம் உண்டு. மீதிப் பாதியால் படகு முதலாளியான சம்மாட்டிக்கும் கடலுக்குப் போகிறவருக்கும் கையில் வரவேண்டிய காசு குறைகிறது.

மொழியைத் திட்டுவதாக நினைத்துக்கொண்டு அதில் எழுதிய ஆட்களைத் திட்டுவதுதான் முதலில் விட வேண்டிய பழக்கம். இது விபி6 பிறப்பதற்கு முன்பே தொடங்கியது. பேசிக் மொழியை 1964-ல் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் கெமனி, கர்ட்ஸ் என்ற இரண்டு கணிதப் பேராசிரியர்கள் உருவாக்கினார்கள். அறிவியல் படிக்காத மாணவர்களும் கணினியைத் தொட்டுப் பழக வேண்டும் என்பது அவர்கள் ஆசை. 1975-ல் டச்சுக் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா, பேசிக் பழகியவர்களுக்கு நல்ல நிரலாக்கம் சொல்லிக்கொடுப்பது ஏறக்குறைய முடியாத காரியம் என்று எழுதினார். அவர் கண்டது வரி எண்ணும், ஒரு வரியிலிருந்து இன்னொரு வரிக்குத் தாவச் சொல்லும் கோட்டூ கட்டளையும் மண்டிய அந்தக் காலத்து பேசிக்கை. 1991-ல் வந்த விஷுவல் பேசிக்கும் 1998-ல் வந்த அதன் ஆறாம் பதிப்பும் எவ்வளவோ மாறிவிட்டவை. ஏளனம் மட்டும் மாறவே இல்லை.

2018-ல் நிரலாளர்கள் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ நடத்திய கருத்துக்கணிப்பில், பயன்படுத்துகிறவர்களே தொடர விரும்பாத மொழிகளில் விபி6 முதலிடம் பிடித்தது. இதைக் காட்டி வாதாடுகிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். யாரோ எழுதி, யாரோ திருத்தி, குறிப்பு ஒன்றும் இல்லாமல் தன் தலையில் வந்து விழுந்த நிரலை எந்த மொழியில் இருந்தாலும் யார்தான் விரும்புவார்கள்?

எங்கள் பக்கம் விபி கற்றவர்களில் பி.காம் முடித்துவிட்டு கம்ப்யூட்டர் சென்டரில் சில மாதம் படித்தவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு நிரலை ஒழுங்காக அமைக்கும் டிசைன் பேட்டர்ன் முறைகள் தெரியாமல் இருக்கலாம். படகுக் கணக்கு தெரியும். நண்டு எடை போடும்போது கூடைக்கு எவ்வளவு கழிக்க வேண்டும், கழிவு மீனான சங்காயத்துக்குக் காசு எந்தக் கணக்கில் போகும், டீசலையும் ஐஸையும் கழித்த பிறகு பங்கு பிரிப்பதா அதற்கு முன்பா, பொதுக் காரியத்துக்கான மகமையை யார் பங்கிலிருந்து எடுப்பது, இதெல்லாம் தெரியும். அந்த அறிவு வேறு எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. அந்த நிரலுக்குள்தான் இருக்கிறது.

சரி, அப்படியானால் விபி6-ல் குறையே இல்லையா? இருக்கிறது, மோசமான குறைகளே இருக்கின்றன. "பழசு", "அசிங்கம்" என்று சொல்லிவிட்டு நகர்கிறவர்கள் அவற்றைப் பார்ப்பதே இல்லை என்பதுதான் என் வருத்தம்.

ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். விபி6-ல் இன்டிஜர் (முழு எண்) என்று அறிவித்த மாறியில் 32,767 வரைதான் எண் நிற்கும். பில் நம்பரை இன்டிஜராக வைத்திருந்தால் 32,768-வது பில்லில் மென்பொருள் நின்றுவிடும். இதையாவது உடனே கண்டுபிடிக்கலாம். கண்ணுக்குத் தெரியாத வடிவம் ஒன்று உண்டு. எடை ஒரு இன்டிஜர், ரேட் ஒரு இன்டிஜர். 250 கிலோ கணவாய், கிலோ 180 ரூபாய். பெருக்கினால் 45,000. விடையை வைக்கிற மாறியை லாங் என்று பெரிதாகவே அறிவித்திருந்தாலும் பயனில்லை. இரண்டு இன்டிஜர்களைப் பெருக்கும் வேலையை விபி6 இன்டிஜருக்குள்ளேயே செய்யப் பார்க்கிறது, இடம் போதாமல் ஓவர்ஃப்ளோ பிழை வருகிறது.

பிழை வந்து திரை நின்றால் நல்லது. ஆனால் அந்தக் காலத்து நிரல்கள் பலவற்றில் ப்ரொசீஜர் எனும் நிரல் பகுதியின் தலையிலேயே "ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்" என்று ஒரு வரி இருக்கும். பிழை வந்தால் கண்டுகொள்ளாமல் அடுத்த வரிக்குப் போ என்று கட்டளை. பெருக்கல் நடக்கவில்லை, அதனால் விடை மாறியில் புதிதாக எதுவும் ஏறவில்லை. முந்தைய சுற்றில் அதில் என்ன இருந்ததோ அதுவே நிற்கும். அதாவது முந்தின படகின் தொகை இந்தப் படகின் பில்லில் அச்சாகும். எந்த எச்சரிக்கையும் வராது. சிறு படகாக இருந்தவரை 32,767-க்குள் அடங்கிய கணக்கு, மீனும் விலையும் கூடிய ஒரு நாளில் இப்படிப் புரளும். விபி6-ஐ விமர்சிக்க வேண்டுமென்றால் இதை வைத்து விமர்சியுங்கள். இன்டிஜரை 16 பிட்டில் வைத்ததும், பிழையை விழுங்குவதை ஒரே வரியில் அவ்வளவு சுலபமாக்கியதும், ட்ரை-கேட்ச் போன்ற ஒழுங்கான பிழைக் கையாளுதல் தராததும் மொழியின் குறைகள். அந்த வரியை மேலே போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போவதை ஒரு பழக்கமாகவே பரப்பியது அதன் சமூகத்தின் குறை. பாடம் நடத்தியவர்கள் இதைக் கண்டித்திருக்க வேண்டும்.

மொழி தேய்ந்ததற்கான காரணத்தையும் தவறாகச் சொல்கிறார்கள். மோசமான மொழி என்பதால் மக்கள் கைவிட்டார்கள் என்பது கதை. நடந்தது வேறு. 2002-ல் மைக்ரோசாஃப்ட் விபி.நெட்டைக் கொண்டுவந்தது. பெயர் ஒன்றாக இருந்தாலும் பழைய நிரல் அப்படியே அதில் ஓடாது. வேரியன்ட், கரன்சி என்ற மாறி வகைகள் போயின, இன்டிஜரின் அளவே மாறிற்று. 2005 மார்ச்சில் விபி6-க்கான முதன்மை ஆதரவு நின்றது. 2008 ஏப்ரலில் நீட்டிக்கப்பட்ட ஆதரவும் நின்றது. மைக்ரோசாஃப்ட்டே எம்விபி பட்டம் கொடுத்து கௌரவித்த வல்லுநர்கள் விபி6-ஐத் தொடர்ந்து வளர்க்கும்படி 2005-ல் மனுப் போட்டுக் கேட்டார்கள், கிடைக்கவில்லை. விபி6-ன் மூல நிரல் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்ததால் வெளியில் இருப்பவர்கள் எடுத்து வளர்க்கவும் வழி இல்லை.

இதில் விபி6 அன்பர்கள் செய்த தவறும் உண்டு, அதையும் பூசி மெழுகக் கூடாது. கோபம் நியாயமானது. ஆனால் "திரும்ப வரும்" என்று ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். புதிதாக வந்து கேள்வி கேட்ட பிள்ளைகளிடம் "விபி.நெட்டுக்கு ஓடுகிற கூட்டம்" என்று எரிந்து விழுந்தார்கள். அப்படிச் செய்தால் புது ஆள் யார் வந்து சேர்வார்? இப்போது விபி6 நிரலை ஏற்கும்படி ட்வின்பேசிக் என்ற கம்பைலர் (நிரலை ஓடும் மென்பொருளாக்கும் கருவி) வளர்ந்துவருகிறது. எக்செலுக்குள் நிரல் எழுத உதவும் விபிஏ மொழியும் அதே குடும்பம்தான், அது இன்றும் வேலை செய்கிறது. அந்த வழிகளைக் காட்டியிருந்தால் பிள்ளைகள் தங்கியிருப்பார்கள்.

"ஓடுதே, எதுக்குத் தொடணும்?" என்று முதலாளிகள் சொல்வதும் ஆபத்துதான். விபி6 மென்பொருள் ஓடத் தேவையான அடிப்படை ரன்டைம் கோப்பு விண்டோஸ் 11-லும் வருகிறது, அதனால் ஓடும் என்பது உண்மை. ஆனால் கிரிட், காலண்டர், பட்டியல் போன்றவற்றுக்குத் தேவையான ஓசிஎக்ஸ் எனும் துணைக் கோப்புகள் விண்டோஸோடு வருவதில்லை. எங்கள் உப்புக்காற்றில் கம்ப்யூட்டர் சீக்கிரம் துருப்பிடித்துப் போகும். புது மெஷின் வாங்கி இஎக்ஸ்இ-யை (மென்பொருளின் முதன்மைக் கோப்பை) மட்டும் நகலெடுத்து வைத்தால் திறக்காது. இன்ஸ்டால் செய்யும் சிடி எங்கே, மூல நிரல் யாரிடம் என்று தேடினால், எழுதிக்கொடுத்தவர் சவூதியில் இருப்பார். மூல நிரல் உங்கள் கையில் இருக்கிறதா என்பதை மென்பொருள் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே பாருங்கள். அதோடு பதிவுகளைச் சேமிக்கும் எம்டிபி கோப்பு 2 ஜிபி-க்கு மேல் வளராது, அதன் அளவையும் பார்த்துவிடுங்கள்.

மெஷின் மாற்றும்போது தேதியும் கவிழும். விண்டோஸில் பிராந்திய அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால் 05/04 என்பதை மே 4 என்று எடுத்துக்கொள்ளும். 13/04 என்று அடித்தால் 13-வது மாதம் இல்லையே என்று சத்தமில்லாமல் ஏப்ரல் 13 ஆக்கிவிடும். ஆக மாதத்தின் முதல் 12 நாட்கள் புரண்டும் மற்றவை சரியாகவும் இருக்கும். ஆண்டை இரண்டு இலக்கத்தில் அடிக்கும் பழக்கம் இருந்தால் இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. பழைய விண்டோஸின் வழக்கமான அமைப்பில் 29 என்று அடித்தால் 2029, 30 என்று அடித்தால் 1930. இப்போதே நான்கு இலக்கத்துக்கு மாற்றிவிடுங்கள்.

இனி, புதிதாக எழுதத்தான் வேண்டும் என்று முடிவானவர்களுக்கு. பழைய நிரலைப் படிக்காமல் கணக்குப்பிள்ளையிடம் மட்டும் கேட்டு எழுதாதீர்கள். நாள்தோறும் செய்வதை அவர் சொல்வார். ஆண்டுக்கு ஒருமுறை வருவதைச் சொல்ல மறப்பார், அது நிரலில் இருக்கும். பைசாவை முழு ரூபாயாக்கும் முழுமையாக்கலை முதலில் பாருங்கள். விபி6-ன் ரவுண்ட் கட்டளை 1,062.50-ஐ 1,062 ஆக்கும், சரிபாதி வந்தால் இரட்டைப்படைப் பக்கம் சாயும். ஜாவாஸ்கிரிப்ட்டில் அதே தொகை 1,063. அதே விபி6-ல் ஃபார்மட் கட்டளை வழியாக அச்சடித்தாலும் 1,063 வரும். ஒரு ரூபாய்தானே என்று விடாதீர்கள். பங்குக் காசை மனக்கணக்காகச் சரிபார்த்து வாங்குகிற ஆட்கள் இவர்கள். ஒரு ரூபாய் மாறினால் முழுக் கணக்கின் மேலும் சந்தேகம் வரும்.

தமிழ் எழுத்து அடுத்த பள்ளம். விபி6-ன் வழக்கமான டெக்ஸ்ட் பெட்டிகள் யூனிகோடு தமிழைக் காட்டாது, கேள்விக்குறிகளாக நிற்கும். அதனால் டாம், டாப் போன்ற பழைய எழுத்துருக் குறிமுறைகளில் பெயர்களைச் சேமித்திருப்பார்கள். தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றது 2010-ல்தான், அதற்கு முந்தைய நிரல்களிடம் இதை எதிர்பார்க்க முடியாது. எந்தக் குறிமுறை என்று தெரிந்துகொண்டு மாற்றுங்கள். ஒரே டேபிளில் இரண்டு குறிமுறை கலந்திருப்பதும் உண்டு.

வேலையை எப்போது செய்வது? கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். சீசன் நடுவில் மென்பொருளை மாற்றுவதைவிடப் பெரிய தவறு இல்லை. தடைக்காலத்தில் முந்தைய ஆண்டின் பதிவுகளை எடுத்துப் பழையதிலும் புதியதிலும் ஓட்டி, படகு படகாக, ரூபாய் ரூபாயாக ஒப்பிடுங்கள். வித்தியாசம் வந்தால் புதியதுதான் சரி என்று முடிவு கட்டாதீர்கள், ஓவர்ஃப்ளோ மாதிரி பழைய பிழையாகவும் இருக்கலாம், உங்களுக்குத் தெரியாத கரை வழக்கமாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றையும் சம்மாட்டியையும் கணக்குப்பிள்ளையையும் உட்காரவைத்துக் கேட்டு, விதியாகத் தமிழில் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். நாட்டுப்படகுகள் தடைக்காலத்திலும் போகும் என்பதால் அவர்களுடைய கணக்கு மட்டும் அதுவரை பழைய திரையிலேயே ஓடட்டும்.