அயர்லாந்து கவுன்டி கவுன்சில்: கதவு மாறித் தட்டாமல் இருக்க

தேர்தலுக்கு ஒரு மாதம் இருக்கும்போது விளக்குக் கம்பங்களில் வேட்பாளர்களின் முகங்கள் ஏறும். வாக்குப்பதிவு முடிந்து ஏழு நாளுக்குள் கழற்றிவிட வேண்டும் என்பது சட்டம். அந்த முகங்களைப் பார்த்துக்கொண்டே வேலைக்குப் போய்வரும் நம் ஆட்களில் பலருக்கு, கவுன்டி கவுன்சில் (மாவட்ட உள்ளாட்சி மன்றம்) என்றால் மோட்டார் வரி கட்டும் இடம், நூலகம், அவ்வளவுதான். அப்புறம் ஏதாவது பிரச்சினை என்று வரும்போது யாரிடம் போவது, எதைக் கேட்பது என்று தெரியாமல் மாதக்கணக்கில் அலைவார்கள்.

முதல் தவறு வாக்குச்சாவடிக்குப் போவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. ‘நமக்கு அயர்லாந்து குடியுரிமை இல்லையே, ஓட்டு எங்கே இருக்கப்போகிறது’ என்று இருந்துவிடுகிறார்கள். நாடாளுமன்றத் தேர்தலுக்கு இது சரி: அங்கே அயர்லாந்து, பிரிட்டன் குடிமக்களுக்குத்தான் வாக்கு. குடியரசுத் தலைவர் தேர்தலும் பொதுவாக்கெடுப்பும் அயர்லாந்துக் குடிமக்களுக்கு மட்டும். ஆனால் உள்ளாட்சித் தேர்தலில் 18 வயது நிரம்பி அந்தப் பகுதியில் வசித்தால் போதும், எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்று யாரும் கேட்பதில்லை. வேலை அனுமதியில் வந்த செவிலியரும் போடலாம், படிக்க வந்தவரும் போடலாம், வேட்பாளராகவும் நிற்கலாம். 2024 ஜூனில் தெற்கு டப்ளின் கவுன்டி கவுன்சிலின் மேயரானவர் கேரளத்திலிருந்து வந்த பேபி பெரேப்பாடன்.

பட்டியலில் பெயர் இருக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. பட்டியலை வைத்திருப்பதும் கவுன்சில்தான். பிபிஎஸ் எண் (அரசு தரும் தனிநபர் எண்), பிறந்த தேதி, எயர்கோட் (வீட்டின் அஞ்சல் குறியீடு) மூன்றும் கையில் இருந்தால் இணையத்திலேயே பதிந்துவிடலாம். வீடு மாறினால் முகவரியையும் மாற்றுங்கள். 2024இல் ஜூன் 7 வாக்குப்பதிவுக்கு மே 20 கடைசி நாள். கடைசி வாரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தவர்கள் கோட்டைவிட்டார்கள்.

அடுத்தது வாக்குச்சீட்டு. இதில் வேட்பாளர்களுக்கு 1, 2, 3 என்று விருப்ப வரிசையில் எண் போடலாம். ஒரு வார்டுக்கு ஒரு கவுன்சிலர் என்று பழகிய கை, ஒருவருக்கு மட்டும் 1 போட்டுவிட்டு வந்துவிடும். அந்த ஓட்டு செல்லும். ஆனால் பாதி பலத்தை நீங்களே வீணாக்கிவிட்டீர்கள். இங்கே ஒரு தொகுதியில் பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு பேர் வரை தேர்வாகிறார்கள். ஆறு இடத்துக்கு 14,000 செல்லும் வாக்குகள் விழுந்தன என்று வையுங்கள். மொத்தத்தை, இடங்களைவிட ஒன்று கூடுதலான ஏழால் வகுத்து ஒன்று கூட்டினால் 2,001. அந்த எண்ணிக்கையை எட்டியவர் வென்றார். அதற்கு மேல் அவருக்கு விழுந்த உபரி, அடுத்த விருப்பங்களின்படி மற்றவர்களுக்குப் பிரித்துத் தரப்படும். உபரி இல்லையென்றால் கடைசியில் இருப்பவரை நீக்கி, அவருடைய சீட்டுகளில் 2 என்று யாருக்கு எழுதியிருக்கிறதோ அவருக்கு மாற்றுவார்கள். கடைசி இடம் பல தொகுதிகளில் இந்த மாற்று வாக்குகளில்தான் முடிவாகிறது, சில சமயம் விரல்விட்டு எண்ணக்கூடிய வித்தியாசத்தில்.

‘இரண்டாவது ஆளுக்கும் போட்டால் என் ஆளுக்குப் பாதகமாகிவிடுமே’ என்று பயப்படுபவர்கள் உண்டு. ஆகாது. உங்கள் 1 ஜெயித்துவிட்டார் அல்லது வெளியேறிவிட்டார் என்று ஆன பிறகுதான் 2 கணக்கில் வரும். யார் வரக் கூடாது என்று நினைக்கிறீர்களோ அவர் தவிர மற்ற எல்லோருக்கும் வரிசை எண் கொடுங்கள் என்பேன். ஆனால் இரண்டு பேருக்கு 1 போட்டால் சீட்டு செல்லாது. ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலும் அதே நாளில் நடப்பதால் கையில் இரண்டு சீட்டு இருக்கும். ஒவ்வொன்றிலும் 1இலிருந்து தொடங்க வேண்டும்.

சரி, கவுன்சிலர் ஜெயித்துவிட்டார். ‘இனி எல்லாம் அவர் கையில்’ என்று நினைப்பதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு.

கவுன்டி கவுன்சில்களை உருவாக்கியது 1898ஆம் ஆண்டுச் சட்டம். நாடு சுதந்திரமடைந்த பிறகு, அன்றாட நிர்வாகம் அரசியல்வாதிகள் கையில் இருக்க வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். 1929இல் கார்க் நகரத்தில் மேலாளர் முறை வந்தது. 1940ஆம் ஆண்டுச் சட்டத்தால் எல்லாக் கவுன்டிகளுக்கும் பரவியது. அந்த மேலாளருக்கு 2014 முதல் தலைமை நிர்வாகி என்று பெயர். அவர் தேர்தலில் நிற்பதில்லை. அரசுப் பணி நியமன அமைப்பு தேர்வு செய்து, ஏழு ஆண்டுக்கு அமர்த்தப்படுகிறார். ஆண்டு பட்ஜெட், வளர்ச்சித் திட்டம், துணைவிதிகள், சொத்து வரியை வரம்புக்குள் ஏற்றுவதா இறக்குவதா, கவுன்சில் நிலத்தை விற்பதா, இவையெல்லாம் கவுன்சிலர்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்பவை. யாருக்குக் கவுன்சில் வீடு ஒதுக்குவது, எந்தக் கட்டடத்துக்கு அனுமதி, ஊழியர் நியமனம் போன்ற தனித்தனி முடிவுகள் தலைமை நிர்வாகியுடையவை. கவுன்சிலர் உங்களுக்காகக் கடிதம் எழுதலாம், கூட்டத்தில் கேட்கலாம், கோப்பு எங்கே நிற்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்லலாம். வீட்டுப் பட்டியலில் உங்களை மேலே தூக்கிவைக்க அவரால் முடியாது. முடியும் என்று சொல்பவரைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது.

இந்தப் பிரிவினை பளிச்சென்று தெரிவது கட்டட அனுமதியில். பக்கத்து மனையின் கேட்டில் ஒரு வெள்ளை அறிவிப்பு ஒட்டியிருக்கிறது, மூன்று மாடி வரப்போகிறது. (மஞ்சள் என்றால், அதே இடத்துக்கு ஆறு மாதத்துக்குள் மறுபடியும் விண்ணப்பித்திருக்கிறார்கள்.) பலரும் உடனே கவுன்சிலரைக் கூப்பிட்டுப் பேசிவிட்டு, வேலை முடிந்தது என்று உட்கார்ந்துவிடுவார்கள். செய்ய வேண்டியது வேறு. விண்ணப்பம் போய்ச் சேர்ந்த ஐந்து வாரத்துக்குள், 20 யூரோ கட்டணத்தோடு உங்கள் கருத்தை எழுத்தில் கவுன்சிலுக்குக் கொடுத்து ரசீது வாங்குங்கள். முடிவு பிடிக்காவிட்டால் நான்கு வாரத்துக்குள் தேசியத் திட்டமிடல் ஆணையத்துக்கு மேல்முறையீடு போகலாம். ஆனால் முதல் ஐந்து வாரத்தில் எழுதிக் கொடுக்காதவருக்கு அந்தக் கதவு பெரும்பாலும் திறக்காது. தொலைபேசியில் எவ்வளவு நேரம் பேசியிருந்தாலும் கணக்கில் வராது. முன்பு, இன்ன விண்ணப்பத்துக்கு அனுமதி கொடு என்று கவுன்சிலர்களே தீர்மானம் போட்டு மேலாளருக்குக் கட்டளையிட ஒரு வழி இருந்தது. 2014இல் அதை அடைத்துவிட்டார்கள்.

அதற்காகக் கவுன்சிலர் வெறும் பொம்மை என்று எடுத்துக்கொண்டால் அதுவும் தப்பு. எந்த வயல் வீட்டு மனையாகலாம் என்று நிலத்தை வகைப்படுத்துவது வளர்ச்சித் திட்டம். அதை நிறைவேற்றுவது கவுன்சிலர்கள். வகை மாறினால் நிலத்தின் விலை எங்கேயோ போய்விடும். டப்ளின் பகுதியில் இதற்காகக் கைமாறிய பணத்தைத் தோண்டிய விசாரணை ஆணையம் 1997இல் அமைக்கப்பட்டு, இறுதி அறிக்கை தர 2012 ஆகிவிட்டது. ஆகவே உங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் காலி நிலத்தைப் பற்றிக் கவலை இருந்தால், கேட்டில் அறிவிப்பு ஒட்டும்வரை காத்திருக்காதீர்கள். திட்டத்தின் வரைவு பொதுமக்கள் கருத்துக்கு வரும்போதே எழுதுங்கள். கவுன்சிலரைப் பிடித்துப் பேச வேண்டிய நேரம் அதுதான். பட்ஜெட்டும் கவுன்சிலர்கள் கையில்தான், ஆனால் அதற்கும் எல்லை உண்டு. 1969இல் டப்ளின் மாநகராட்சி உரிய அளவு வரி நிர்ணயிக்க மறுத்தது. அமைச்சர் கவுன்சிலையே கலைத்துவிட்டார், அடுத்த தேர்தல் 1974இல்தான்.

எந்தக் கவுன்சில் என்பதிலும் குழப்பம் வரும். குடியரசில் மொத்தம் 31 உள்ளாட்சிகள்: 26 கவுன்டி கவுன்சில், 3 நகர கவுன்சில், நகரமும் கவுன்டியும் சேர்ந்த 2. டப்ளின் கவுன்டி கவுன்சில் என்று இப்போது எதுவும் கிடையாது; 1994இல் அது ஃபிங்கல், தெற்கு டப்ளின், டன் லேரி-ராத்டவுன் என்று மூன்றாகப் பிரிந்தது, மாநகர கவுன்சில் தனி. பிளான்சர்ட்ஸ்டவுனில் குடியிருந்துகொண்டு மாநகர கவுன்சிலுக்குப் புகார் எழுதினால் பதில் வராது, அது ஃபிங்கல். கால்வேயிலும் நகரத்துக்கு ஒன்று, கவுன்டிக்கு ஒன்று. சிறு ஊர்களில் இருந்த நகர மன்றங்களை 2014இல் எடுத்துவிட்டார்கள். வட அயர்லாந்தில் கவுன்டி கவுன்சிலே இல்லை, 11 மாவட்ட கவுன்சில்கள்தான்.

கதவு சரியாக இருந்தும் கேள்வி மாறிப்போகும் இடங்களும் உண்டு. குழாய்த் தண்ணீர் 2014 முதல் தேசிய நீர் நிறுவனத்தின் பொறுப்பு. வீட்டுக் குப்பையை எடுப்பவை தனியார் நிறுவனங்கள். பள்ளி இடம், மருத்துவமனை, போலீஸ் மூன்றும் கவுன்சிலின் வேலை இல்லை. சொத்து வரியின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் கவுன்சிலர்கள், வசூலிப்பது வருவாய்த் துறை. உள்ளூர்ச் சாலைப் பள்ளம், தெருவிளக்கு, பூங்கா, தீயணைப்பு, நூலகம், சமூக வீடு என்றால் தயங்காமல் கவுன்சிலுக்கு எழுதலாம்.

மேயர் என்ற பட்டத்தைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். பெரும்பாலான கவுன்சில்களில் தலைவரைக் கவுன்சிலர்களே தங்களுக்குள் ஓராண்டுக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். கட்சிகள் பேசி வைத்துச் சுற்றில் விடுவதும் உண்டு. கூட்டம் நடத்துவது, விழாவுக்குப் போவது, அத்தோடு சரி. லிமெரிக் மட்டும் விலக்கு. அங்கே 2019இல் மக்களைக் கேட்டு, 2024இல் ஜான் மோரனை நேரடியாக ஐந்தாண்டுக்குத் தேர்ந்தெடுத்தார்கள். தலைமை நிர்வாகியின் அதிகாரங்களில் பெரும்பகுதி அவரிடம் வந்துவிட்டது. 2019இல் அதே நாள் கார்க்கிலும் வாட்டர்ஃபோர்டிலும் கேட்டபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

இன்னொன்று. உங்கள் கவுன்சிலர் நாடாளுமன்றத்துக்குத் தேர்வானால் கவுன்சில் இடத்தை விட வேண்டும், இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள முடியாது. அந்த இடத்துக்கு இடைத்தேர்தல் வரும் என்று காத்திருக்க வேண்டாம், வராது. அவருடைய கட்சி சொல்லும் ஆளைக் கவுன்சில் உள்ளே எடுத்துக்கொள்ளும். உங்கள் அடுத்த ஓட்டு 2029இல்.