நண்டு தின்றவருக்கு நச்சுமுறி ஊசி வேண்டாம்

படைவீரர்களின் ரத்தத்திலும் சிறுநீரிலும் நச்சின் தடயம் தேடும் வேலைக்குப் புதிதாக வருபவர்கள் அதே தவறுகளைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். பெயர்ச்சீட்டு ஒட்ட மறப்பதையெல்லாம் விடுவோம். அது ஒரு வாரத்தில் சரியாகிவிடும்.

மொத்த ஆர்செனிக்கை நம்புவது

உச்சிப்புளி, மண்டபம் போன்ற கடலோர ஊர்களில் பணியில் இருப்பவரின் தட்டில் மீன் இல்லாத நாள் குறைவு. மீன், நண்டு, இறால், கருவாடு எல்லாவற்றிலும் ஆர்செனோபீட்டைன் என்ற ஆர்செனிக் சேர்மம் உண்டு. அது தீங்கற்றது, உடலில் மாறாமல் இரண்டு மூன்று நாளில் சிறுநீரோடு போய்விடும். ஆனால் பரிசோதனைச் சீட்டில் "மொத்த ஆர்செனிக்" என்று எழுதினால் கருவி இதையும் சேர்த்தே எண்ணும். முந்தின இரவு நண்டுக் குழம்பு சாப்பிட்டவருக்கு லிட்டருக்குப் பல நூறு மைக்ரோகிராம் என்று முடிவு வரலாம். உடனே பதற்றம், பணியிலிருந்து விலக்கல், வீட்டில் அழுகை. அடுத்து டைமெர்கேப்ரால் ஊசி பற்றிய பேச்சு. லூயிசைட் என்னும் ஆர்செனிக் போர்நச்சை முறிக்க இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனில் உருவான மருந்து அது. தசையில் போடும்போது கடுமையாக வலிக்கும், ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். நண்டு தின்றவருக்கு அதைப் போடுவது கொடுமை.

கேட்க வேண்டியது ஆர்செனிக் ஸ்பீசியேஷன், அதாவது வகை பிரித்து அளப்பது: நச்சான கனிம ஆர்செனிக், அது உடலில் மாறி உண்டாகும் எம்.எம்.ஏ., டி.எம்.ஏ. மூன்றும் தனித்தனியாக. செலவு கூடும், பரவாயில்லை. ஏ.சி.ஜி.ஐ.எச். என்ற அமெரிக்கத் தொழில்சுகாதார அமைப்பு வழிகாட்டும் லிட்டருக்கு 35 மைக்ரோகிராம் என்ற அளவு இந்த மூன்றின் கூட்டுத்தொகைக்குத்தான். டி.எம்.ஏ. மட்டும் ஏறி மற்ற இரண்டும் தாழ்ந்திருந்தால் சிப்பியையோ கடற்பாசியையோ சந்தேகியுங்கள். அவற்றிலுள்ள ஆர்செனோசர்க்கரை உடலில் டி.எம்.ஏ.வாக மாறும்.

"மூன்று நாள் மீனை நிறுத்திவிட்டு வா" என்று திருப்பி அனுப்புவதும் தவறு. உண்மையான நச்சும் அதற்குள் கணிசமாக இறங்கிவிடும். சம்பவம் நடந்த அன்றே, அமிலத்தில் கழுவிய பிளாஸ்டிக் பாட்டிலில் எடுத்து உறையவையுங்கள். கடைசி நான்கு நாள் சாப்பாட்டைக் கேட்டு எழுதுங்கள். இரண்டாவது மாதிரி மீனை நிறுத்திய பிறகு.

வெயிலில் கெட்டியான சிறுநீர்

மே மாத வெயிலில் பயிற்சி முடித்து வருபவரிடம் எந்த நச்சும் கூடுதலாகவே தெரியும். சிறுநீர் எவ்வளவு கெட்டி என்று காட்டும் கழிவுப்பொருளான கிரியேட்டினினையும் அளக்கவும். லிட்டருக்கு 0.3 முதல் 3 கிராம் என்ற எல்லைக்கு வெளியே போனால் மறுபடி எடுங்கள்; 3-ஐத் தாண்டியிருந்தால் முதலில் தண்ணீர் கொடுங்கள்.

எரிபொருள் நிரப்புபவர்கள்

எரிபொருளிலுள்ள பென்சீன் என்ற நச்சு உடலில் சேர்ந்ததா என்று பார்க்க, அது சிதைந்து சிறுநீரில் வரும் மியூக்கானிக் அமிலம் மட்டும் போதாது. பாக்கெட் தின்பண்டத்தில் பதப்படுத்தச் சேர்க்கும் சார்பிக் அமிலமும் அதை ஏற்றும். பென்சீனின் இன்னொரு சிதைவுப்பொருளான எஸ்.பி.எம்.ஏ. கேளுங்கள், பணி முடிந்த கையோடு எடுத்த சிறுநீரில்.

புகைபிடிப்பவரா?

கேட்காமல் பென்சீன் முடிவைப் படிக்காதீர்கள். சிகரெட் புகையிலும் பென்சீன் உண்டு.

கோலினெஸ்டரேஸ்

நரம்பு நச்சும் சில பூச்சிமருந்துகளும் முடக்கும் ரத்த நொதி இது. அதன் அளவைப் பணியில் சேரும்போதே ஒருமுறை எடுத்துவையுங்கள். ஆளுக்கு ஆள் அளவு மிகவும் மாறுவதால், தாளில் "இயல்பு" என்று வருபவரும் தன் சொந்த அளவில் மூன்றில் ஒரு பங்கை இழந்திருக்கலாம்.