டிஜிட்டல் ஓவியத்தில் இடிபாடுகள்: எங்கே தவறுகிறோம்?

கடலூர் தேவனாம்பட்டினத்தில் செயின்ட் டேவிட் கோட்டையைத் தேடிப் போகிறவர்களுக்குப் பார்க்கக் கிடைப்பது கொஞ்சம்தான். 1690-இல் மராத்தியரிடமிருந்து ஆங்கிலேயர் விலைக்கு வாங்கிய கோட்டை அது. 1758-இல் தளபதி லாலியின் பிரெஞ்சுப் படை அதைப் பிடித்துத் தகர்த்தது. மூன்றே ஆண்டில், 1761-இல், ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்து அங்கிருந்த கோட்டையைத் தரைமட்டமாக்கினார்கள். ஒரே கடற்கரையில், பேருந்தில் ஒரு மணி நேரத் தூரத்தில், இரண்டு கோட்டைகள் ஒன்றுக்கொன்று பதிலாக இடிக்கப்பட்டிருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே, புதுச்சேரிக்குச் சற்றுத் தெற்கே, பழங்கால வணிகத் துறைமுகமான அரிக்கமேட்டில் நிற்கும் பாழடைந்த சுவர்களின் கதை வேறு. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிகள் கட்டிய அந்தக் கட்டடம் மழையிலும் வெயிலிலும் ஆற்றோரக் காற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது.

கணினியில் நிலக்காட்சி வரையும் நம் பிள்ளைகளின் படங்களைப் பார்க்கும்போது எனக்கு இந்த வித்தியாசம்தான் முதலில் நினைவுக்கு வரும். வெளிச்சம், மேகம், தூரத்து மலை எல்லாம் அருமையாக இருக்கும். நடுவில் நிற்கும் இடிந்த மண்டபம் மட்டும் பொய் சொல்லும். புதுக் கட்டடம் ஒன்றைச் செய்து, நாலு இடத்தில் உடைத்து, மேலே அழுக்கு டெக்ஸ்சர் (பரப்பின்மேல் ஒட்டும் படம்) போட்டது பார்த்தவுடனே தெரிந்துவிடும். அது எப்படி விழுந்தது என்று வரைந்தவர் தீர்மானிக்கவில்லை. இதைத்தான் முதல் தவறு என்பேன், மற்ற தவறுகள் பலவும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

வெடி வைத்துத் தகர்த்த சுவர் பெரிய பெரிய பாளமாக விழும். பத்திருபது வரிசைச் செங்கல் காரையோடு ஒட்டியபடியே சாய்ந்து கிடக்கும். அடிச்சுவர் மட்டும் பல்லிளித்துக்கொண்டு நிற்கும். தானாக அழியும் கட்டடத்தில் முதலில் போவது கூரை. உத்தரத்தைக் கரையான் அரிக்கும், இல்லையென்றால் ஒழுகும் நீரில் அது உளுக்கும். கூரை போனதும் சுவரின் தலை திறந்துகொள்கிறது, மழை நேராக உள்ளே இறங்குகிறது. அதன்பின் மேலிருந்து வரிசை வரிசையாகச் செங்கல் கழன்று, சுவரின் விளிம்பு படிக்கட்டுப் போலத் தேயும். ஜன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக விரிசல் ஓடும். இரண்டு பக்கத் தாங்கலும் அசையாமல் இருந்தால் வளைவு மட்டும் பல காலம் தனியாக நிற்கும். பாழடைந்த இடங்களில் வாசல் வளைவு மட்டும் மிஞ்சியிருப்பது இதனால்தான்.

பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் சுவரைத் தேர்ந்தெடுத்து ஒரே சொடுக்கில் சுக்குநூறாக்கும் வசதி இருக்கிறது. அது வோரோனாய் முறையில், அதாவது அங்கங்கே புள்ளி வைத்து ஒவ்வொன்றையும் சுற்றிப் பிரித்து, கூர்கூரான துண்டுகளாக வெட்டும். கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் அது பொருந்தும். செங்கல் சுவர் அப்படி உடையாது, இணைப்புக் கோட்டைத் தேடித்தான் பிளக்கும். கருங்கல் உத்தரம் இரண்டு தூண்களுக்கு நடுவே பெரும்பாலும் ஒரே ஒரு விரிசலில் முறியும். கல் அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. இதைத் தெரிந்துகொண்டு கையால் நாலு விரிசல் போட்டால், தானியங்கியாகப் போட்ட நானூறை விட உண்மையாக இருக்கும்.

விழுந்த கல் எங்கே போனது?

சுவரில் எவ்வளவு காணாமல் போயிருக்கிறதோ, அவ்வளவு கல்லையும் படத்தில் அதன் காலடியிலேயே குவித்து வைத்திருப்பார்கள். கணக்குக்கு அது சரிதான். ஊரில் அப்படி நடப்பதில்லை. வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்க வந்து 1760-களின் கடைசியில் புதுச்சேரியில் தங்கியிருந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜென்டீ, வீராம்பட்டினத்துப் பக்கம் மக்கள் பழைய பெரிய செங்கற்களைப் பெயர்த்து எடுப்பதைப் பற்றி எழுதியிருக்கிறார். இன்றைய அரிக்கமேடு அது. 1945-இல் மார்டிமர் வீலர் அகழாய்வு செய்து உலகத்துக்குச் சொல்வதற்கு முன்பே, அந்த மண்ணின் செங்கல் பல வீடுகளுக்குப் போயிருக்கும்.

ஆகவே நல்ல சதுரக் கல், முழுச் செங்கல், வாசற்படி, தூண் இவைதான் முதலில் காணாமல் போகும். மிஞ்சுவது உடைசல், காரைத்தூள், யாருக்கும் வேண்டாத மூலைத்துண்டு. அந்தக் குவியலும் குவியலாகவே இருக்காது. புதிதாக விழுந்தது சுமார் 35, 40 டிகிரிச் சரிவில் நிற்கும். நாலைந்து மழைக்காலம் போனால் இடுக்கில் மண் நிரம்பி, புல் மூடி, மெல்லிய மேடாகப் படுத்துவிடும். சுவரின் அடியும் அதோடு புதையும். வாசலின் உயரம் குறைந்து, குனிந்து நுழைய வேண்டியதுபோல் ஆகும். தரையைத் தட்டையாக வைத்து, அதன்மேல் சுவரைப் பொம்மைபோல வைத்துவிடுகிறவர்கள் இந்த ஒன்றை மட்டும் மாற்றினாலே படம் பாதி தேறிவிடும்.

எல்லாக் கல்லும் ஒன்றுபோல் தேயாது

புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்களை எத்தனையோ முறை கடந்து போயிருப்போம். செஞ்சியிலிருந்து கொண்டுவந்தவை. அலைக்கு எதிரே நின்றும் அவற்றில் செதுக்கல் தெரிகிறது. கருங்கல் எளிதில் பொடிப்பொடியாக உதிர்ந்து போவதில்லை. கூர்முனை மழுங்கும், மேல்தோல் சில இடங்களில் ஏடாக உரியும், உளித்தடம் நிழலான பக்கத்தில் அப்படியே இருக்கும். பாறையிலிருந்து பிளந்தெடுத்த கல்லென்றால் ஓரத்தில் ஆப்பு வைத்த குழிகள் வரிசையாக இருக்கும். அந்தக் குழி வரிசையை ஒரு கல்லில் சேர்த்துப் பாருங்கள், மனிதக் கை பட்ட கல் என்று உடனே தெரியும்.

செங்கல் உப்புக்குப் பயப்படும். நிலத்தடி ஈரம் சுவரில் ஏறி, காயும்போது உப்பைப் படிகமாக விட்டுப் போகிறது. அந்தப் படிகம் வளர்ந்து செங்கல்லின் முகத்தை உள்ளிருந்து தள்ளி உதிர்க்கும். அதனால் கடலோரச் சுவரில் அதிகம் அரிபடுவது உச்சியும் அடியிலிருந்து இடுப்புயரம் வரையான பகுதியும். நடுவில் கொஞ்சம் நன்றாகவே இருக்கும். காரை கெட்டியாக இருந்தால் செங்கல் குழிந்து, காரை மட்டும் வலைபோலத் துருத்தி நிற்கும். காரை இளகியதென்றால் நேர் எதிர், கோடுகள் உள்வாங்கும். எது என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டு ஹைட் மேப்பை (மேடு பள்ளத்தைச் சொல்லும் கறுப்பு வெள்ளைப் படத்தை) எடுங்கள். சுண்ணாம்புப் பூச்சு தேய்ந்து மறையாது, உப்பிப் பாளம் பாளமாக விழும். விழுந்த ஓரத்துக்குத் தடிமன் உண்டு, அதற்கு ஒரு மெல்லிய நிழலும் உண்டு. வெறும் நிற மாஸ்க் (எங்கே எது தெரிய வேண்டும் என்று பிரிக்கும் மறைப்பு) போட்டு வெள்ளையையும் சிவப்பையும் கலந்தால் சுவரொட்டி கிழிந்ததுபோல்தான் தெரியும்.

இங்கே இன்னொன்று. ஓரங்களையெல்லாம் வெளுப்பாக்கும் பழக்கம். பெயின்ட் அடித்த இரும்புப் பெட்டிக்கு அது சரி, பெயின்ட் போன இடத்தில் உலோகம் மின்னும். கல்லுக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே கல்தான். புதிதாக உடைந்த முகம் மட்டும் கொஞ்ச காலம் வெளிறி இருக்கும், அப்புறம் அதுவும் கறுத்துவிடும். நூறு ஆண்டுப் பாழில் எல்லா ஓரமும் பளிச்சென்று இருந்தால், நேற்றுச் சுத்தியலால் தட்டியதுபோல் ஆகிவிடும்.

பச்சைப் பாசி என்ற மயக்கம்

எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். நம் ஊர்க் கோயில் மதிலை வரைகிறோம் என்று சொல்லிவிட்டு, குளிர்நாட்டுக் காட்டுக்குள் இருக்கும் கோட்டையின் பசும்பாசியைக் கொண்டுவந்து ஒட்டுகிறோம். இங்கே மழை பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. மார்கழியில் மதில் பச்சையாக இருக்கும். பங்குனி வருவதற்குள் அது காய்ந்து கருந்தோலாகிவிடும். வருடத்தின் பெரும்பகுதியில் நம் பழஞ்சுவரின் நிறம் கறுப்பு. நீர் வழிந்த கோடுதோறும் கறுப்பு இறங்கும். கொடுங்கையின் (வெளியே நீட்டிய கூரை விளிம்பின்) அடியில் மழை படாத பட்டை மட்டும் வெளிறி நிற்கும். அதில் வட்ட வட்டமாகச் சாம்பலும் வெள்ளையும் படர்ந்திருப்பது குழம்புக்குப் போடும் கல்பாசியின் உறவுக்கார இனம். அது ஓரிடத்தில் தொடங்கி வட்டமாக விரியும், கணினி தாறுமாறாகப் புள்ளி தூவும் நாய்ஸ் டெக்ஸ்சர்போலச் சிதறிக் கிடக்காது.

திசையும் மாறும். ‘வடக்குப் பக்கம் வெயில் படாது, அங்கே பாசி’ என்ற விதி வெகு வடக்கே உள்ள நாடுகளுக்கானது. நாம் ஏறக்குறைய 12 டிகிரி வடக்கில் இருக்கிறோம். மே முதல் ஜூலை வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது, வடக்குச் சுவருக்கும் வெயில் உண்டு. மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கிறது, கடலும் உப்பும் கிழக்கே. நம் கரையில் நிற்கும் மண்டபத்தை வரைந்தால் கிழக்கு முகமும் வடகிழக்கு மூலையும் அதிகம் அடிபட்டிருக்க வேண்டும், மேற்கு கொஞ்சம் தப்பியிருக்க வேண்டும்.

இதற்கு மென்பொருளில் பெரிய வித்தை ஒன்றும் தேவையில்லை. மேல் நோக்கிய முகங்களுக்கு ஒரு மாஸ்க், கடல் திசையை நோக்கிய முகங்களுக்கு ஒன்று, இடுக்குகளுக்கு அம்பியன்ட் ஒக்லூஷன் (இடுக்கில் விழும் நிழலைக் கணக்கிடும் வசதி) கொண்டு ஒன்று. மூன்றையும் ஒன்றாகக் கலந்துவிட்டு, நீர் வழியும் கோடுகளை மட்டும் கையால் வரையுங்கள். எந்த இடுக்கில் நீர் நிறையும், எந்த முனையில் சொட்டும் என்று விரலால் தடவி யோசித்து வரைய வேண்டிய இடம் அது. அதைக் கணினியிடம் விட்டுவிடக் கூடாது என்பது என் கருத்து.

ஈரச் சுவர் என்றால் பளபளப்பை மட்டும் ஏற்றுகிறார்கள். நீர் குடித்த செங்கல் முதலில் கறுக்கும், பளபளப்பு அதற்கு அடுத்ததுதான். நிறத்தைக் குறைத்துவிட்டு, பிறகு ரஃப்னஸை (சொரசொரப்பின் அளவை) குறையுங்கள். பொதுவாகக் கல், காரை எதுவானாலும் அடிப்படை நிறம் 0 முதல் 255 வரையான அளவில் 30-க்குக் கீழேயும் 240-க்கு மேலேயும் போகாமல் பார்த்துக்கொண்டால் ரெண்டரில் (கணினி ஆக்கித் தரும் கடைசிப் படத்தில்) வெளிச்சம் ஒழுங்காக விழும்.

செடி

கொடியைச் சுவர் முழுக்கப் போர்த்துவதற்குப் பதிலாக, ஓர் அரசங்கன்றை வையுங்கள். பறவையின் எச்சத்தில் வந்த விதை அது. மண் சேர்ந்த வெடிப்பில், சுவரின் தலையில், நீர்த்தூம்பின் ஓரத்தில்தான் முளைக்கும். வேர் கல்லின்மேல் கண்டபடி ஓடாது, காரைக் கோட்டைப் பிடித்து இறங்கும். கோடு கோடாகப் பிரிந்து, பருத்து, கற்களை விலக்கும். பெரிய மரமானால் புயலில் சாயும்போது சுவரையும் சேர்த்துப் பெயர்க்கும். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்ததைப் பார்த்தவர்களுக்கு மரம் எந்த வேகத்தில் சாயும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. வேரோடு கவிழ்ந்த மரம், அதன் பிடியில் இன்னும் ஒட்டியிருக்கும் நாலைந்து செங்கல், பக்கத்தில் சுவரில் புதிதாகத் திறந்த சிவப்புக் காயம். இதை இதுவரை யார் படத்திலும் நான் பார்த்ததில்லை, யாராவது வரைய வேண்டும்.

அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரே டெக்ஸ்சரை இருபது அடிச் சுவர் முழுக்கத் திரும்பத் திரும்ப ஒட்டினால் கண் உடனே பிடித்துவிடும். அதைவிட மோசம், வாசல் ஏழடி உயரமிருக்க ஒவ்வொரு செங்கல்லும் ஒன்றரை அடி நீளத்தில் இருப்பது. பக்கத்தில் ஓர் ஆட்டை நிற்க வைத்துப் பாருங்கள், எல்லாம் தெரிந்துவிடும்.

படம் எடுக்க நேரில் போகிறவர்கள் காலை ஆறரை ஏழுக்குப் போங்கள். கடல் பக்கத்திலிருந்து வெளிச்சம் சாய்வாக வந்து ஒவ்வொரு குழியையும் காட்டும். நண்பகலில் எடுத்தால் சுவர் தட்டையாகத்தான் பதியும். டெக்ஸ்சருக்கென்று தனியாக வேண்டுமானால் மேகம் மூடிய நாளில் நேர் எதிரே நின்று எடுங்கள், நிழல் ஒட்டாது. எதை எடுத்தாலும் ஒரு தரம் அடிக்கோலைச் சுவரில் சாய்த்து வைத்து எடுத்துக்கொள்ளுங்கள். அரிக்கமேட்டில் காலடியில் பானை ஓட்டுச்சில் கிடந்தால் அதையும் அங்கேயே வைத்துப் படமெடுத்துவிட்டு வாருங்கள்.