மதுரை மாடியில் சிவப்பு முட்டைக்கோஸ்

ஆடிப்பட்டம் தேடி விதைத்தால் கத்தரி வரும், வெண்டை வரும், அவரை வரும். கோஸ் வராது. 15 முதல் 20 டிகிரி குளிரில் சுகமாக வளர்கிற பயிர் அது. நம் ஊரில் மார்கழி ராத்திரியே 20ஐ ஒட்டித்தான் இறங்கும். அதனால் மதுரைக்காரர்களுக்கு ஒரே ஒரு பருவம்தான்: புரட்டாசி முதல் வாரம் விதை, ஐப்பசியில் நடவு, தையில் அறுவடை. மாசி வெயில் ஏறிவிட்டால் உருண்டை கட்டாமல் இலையாகவே விரிந்து நிற்கும். அதற்கப்புறம் எந்த உரம் போட்டும் பயனில்லை.

இந்தக் கணக்கில் ரகமும் முக்கியம். பாரம்பரிய ரகங்களில் நான் போடுவது ரெட் ஏக்கர். நட்டு 75, 80 நாளில் காய் திரளும், சின்னக் காய். மம்மத் ரெட் ராக் என்று 19ஆம் நூற்றாண்டிலிருந்து வருகிற பெரிய ரகமும் உண்டு. அழகான காய்தான், ஆனால் 100 நாளை நெருங்கும். அவ்வளவு நாள் குளிர் நமக்கு இல்லை. கொடைக்கானலில் தோட்டம் இருப்பவர்களுக்கு அதை விட்டுவிடலாம். பாக்கெட்டில் எஃப்1 என்று இருந்தால் அது வீரிய ஒட்டு ரகம் (கலப்பினம்), பாரம்பரிய விதை இல்லை.

நாற்றைக் குழித்தட்டில் விடுங்கள். தேங்காய் நார்க்கழிவும் மண்புழு உரமும் பாதிப் பாதி, குழிக்கு ஒரு விதை, அரை சென்டிமீட்டர் ஆழம். ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும். தட்டை மழை படாத, காலை வெயில் விழுகிற சன்ஷேடுக்கு அடியில் வையுங்கள். ஈரம் தங்கினால் தண்டு அடியில் கறுத்து, நாற்று ஒரே ராத்திரியில் சாய்ந்துவிடும். இந்த நாற்றழுகல் வராமலிருக்க விதைக்கும் முன்பே கலவையில் கொஞ்சம் ட்ரைக்கோடெர்மா விரிடி என்கிற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்துவிடுவது நல்லது.

நாலைந்து இலை வந்ததும் நடலாம், ஏறக்குறைய 25 நாள். பைக்கு ஒரு செடிதான்; பை 15 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. தரையில் என்றால் ஒன்றரை அடி இடைவெளி. செம்மண் இரண்டு பங்கு, மக்கிய ஆட்டுப்புழுக்கை ஒரு பங்கு, நார்க்கழிவு ஒரு பங்கு, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. மதுரையில் வருடத்திலேயே அதிகம் மழை கொட்டுவது அக்டோபரில்தான், ஆகவே இரண்டு நாள் மழை விட்டிருக்கும்போது சாயங்காலமாகப் பார்த்து, முதல் இலைக் காம்பு வரை மண்ணுக்குள் போகும்படி நடுங்கள். எங்கள் வீடு திருநகரில். மாடியின் கிழக்குப் பக்கத்தில்தான் பைகளை வைப்பேன். மதியம் இரண்டு மணிக்கு மேல் தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழுந்துவிடும். அந்த நிழல் கோஸுக்குப் பெரிய உதவி.

போர் தண்ணீர் உப்பாக இருந்தால் பை விளிம்பில் வெள்ளையாகப் படியும். மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து, வாரம் ஒரு முறையாவது அடியில் ஒழுகும் அளவுக்கு ஊற்றினால் உப்பு கழுவிப் போகும். மண்மேல் மூடாக்குப் போடுங்கள். அலங்காநல்லூர்ப் பக்கம் போனால் கரும்புச் சோகை கிடைக்கும், அதைவிட நல்லது எனக்குத் தெரிந்து இல்லை. கோஸ் நிறைய உரம் தின்னும் பயிர். நட்ட மூன்றாவது வாரமும் ஆறாவது வாரமும் கடலைப்புண்ணாக்கை ஊறவைத்துப் பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து ஊற்றுங்கள். உருண்டை இறுகத் தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும்.

இனி புழு. கோஸ் போடுகிறவர்கள் பாதிப்பேர் கைவிடுவது இதனால்தான். வைரமுதுகு அந்துப்பூச்சி, நகம் அளவுகூட இருக்காது. சிறகை மடக்கி உட்கார்ந்தால் முதுகில் வைர வைரமாகத் தெரியும். அதன் பச்சைப் புழு இலையின் அடியில் சுரண்டித் தின்று, மேல் தோலை மட்டும் கண்ணாடி மாதிரி விட்டுவைக்கும். தொட்டால் துள்ளி, நூல் விட்டுக் கீழே இறங்கும். பச்சைக் கோஸைவிடச் சிவப்புக் கோஸில் இந்தப் புழு சட்டென்று கண்ணில் படுவது நமக்கு வசதி. தினமும் காலையில் இலையைத் திருப்பிப் பார்த்துப் பொறுக்குங்கள்.

நடுவதற்கு 10, 15 நாள் முன்பே சுற்றிலும் இரண்டு மூன்று தொட்டியில் அஞ்சறைப்பெட்டிக் கடுகையே தூவிவிடுங்கள். அந்துப்பூச்சிக்குக் கோஸைவிடக் கடுகு பிடிக்கும், அங்கே போய் முட்டையிடும். புழு ஏறிய கடுகுச் செடியைத் தயங்காமல் பிடுங்கிச் சோப்புத் தண்ணீரில் முக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் அதுவே பண்ணையாகிவிடும். விவசாயிகளும் கோஸ் வயலில் வரிசைகளுக்கு நடுவே கடுகு போடுவது இதற்காகத்தான்.

அதையும் மீறி வந்தால் வேப்பங்கொட்டைச் சாறு. 50 கிராம் கொட்டையை இடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊறவைத்து வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்புக் கரைத்துத் தெளியுங்கள். சோப்பு இல்லாமல் தெளித்தால் கோஸ் இலையின் மெழுகில் சாறு நிற்காமல் உருண்டு ஓடிவிடும். தெளிப்பது எப்போதும் சாயங்காலம்.

உருண்டையை மேலே அழுத்திப் பாருங்கள், கல் மாதிரி இருந்தால் அறுத்துவிடலாம். மாடியில் அரைக்கிலோ வந்தாலே நல்ல காய். பருவம் தப்பிப் பெருமழை வரும்போல் இருந்து உடனே அறுக்கவும் முடியாவிட்டால், செடியை இரண்டு கையாலும் பிடித்து அரைச்சுற்றுத் திருகிவிடுங்கள். வேர் கொஞ்சம் அறுந்து தண்ணீர் ஏறுவது குறையும், காய் வெடிக்காது.

விதை எடுக்க ஆசைப்படுவீர்கள். மதுரையில் முடியாது. கோஸ் பூக்க வேண்டுமென்றால் பல வாரம் 10 டிகிரியை ஒட்டிய குளிர் வேண்டும். மிச்சமுள்ள விதையைக் காற்றுப் புகாத டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நான்கு வருடம் முளைப்புத் திறன் இருக்கும்.

சமைக்கும்போது ஒன்று. முதல் காயைப் பொரியல் செய்தபோது அத்தை தட்டைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, கோஸ் ஏன் நீலமா இருக்கு?" என்றார்கள். உப்பான போர் தண்ணீரின் காரத்தன்மையில் இந்தச் சிவப்பு நீலமாகும், புளிப்பில் மறுபடி சிவக்கும். வதக்கும்போதே அரை மூடி எலுமிச்சை பிழிந்துவிடுங்கள்.