நுரையீரலில் ரத்தக்கட்டியா? வெல்ஸ் ஸ்கோர் போடும் முறை

கேஷுவாலிட்டியில் முதல் வாரம் டூட்டி பார்க்கும் சிஆர்ஆர்ஐ (ஹவுஸ் சர்ஜன்) தம்பி தங்கைகளுக்காக இது. வெல்ஸ் ஸ்கோர் என்பது நுரையீரலில் ரத்தக்கட்டி இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று மார்க் போட்டுப் பார்க்கும் முறை. வீட்டில் யாருக்காவது திடீரென்று மூச்சுத் திணறினால் இதைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள், 108-ஐ அழையுங்கள்.

ஒரு ஆளை வைத்தே பார்ப்போம். பெரம்பூரிலிருந்து வருகிறார் 58 வயது அம்மா ஒருவர். கர்ப்பப்பை எடுத்து 3 வாரம் ஆகிறது. "நேத்துலேர்ந்து மாடி ஏறினா மூச்சு வாங்குது டாக்டர்" என்கிறார்.

முதலில் பிபி. சிஸ்டாலிக் 90-க்குக் கீழே என்றால் பேனாவை மூடிவிட்டு சீனியரைக் கூப்பிடுங்கள். கர்ப்பிணி என்றாலும் அப்படித்தான்.

அடுத்து நாடி. உட்கார வைத்து முழு நிமிடம் எண்ணுங்கள். 100-க்கு மேல் என்றால் 1.5. இவருக்கு 112. வெயிலில் ஆட்டோவில் வந்ததால்தான் என்று நாமே தள்ளுபடி கொடுக்கக் கூடாது.

4 வாரத்துக்குள் ஆபரேஷன், அல்லது 3 நாளாவது படுத்த படுக்கை: 1.5. முன்பே காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டி வந்திருந்தால் 1.5. இருமலில் ரத்தம் 1. கடந்த 6 மாதத்துக்குள் சிகிச்சை எடுத்த புற்றுநோய் 1.

கால் வீக்கத்துக்கு 3 மார்க். கண்ணால் பார்த்து எழுதாதீர்கள், இன்ச் டேப் எடுங்கள். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் ஒரு மேடு தட்டுப்படும். அதிலிருந்து 10 செ.மீ. கீழே இரண்டு கெண்டைக்காலையும் சுற்றி அளக்க வேண்டும். 3 செ.மீ.க்கு மேல் வித்தியாசம், அழுத்தினால் வலி என்றால் மார்க் கொடுங்கள். இந்த அம்மாவுக்கு அரை செ.மீ.தான், வலியும் இல்லை.

இதுவரை மொத்தம் 3. மீதி ஒரே கேள்வி: வேறு எந்த நோயையும்விட நுரையீரல் ரத்தக்கட்டிதான் பொருந்துகிறதா? ஆம் என்றால் 3. 4-க்கு மேல் போனால் சிடி பல்மனரி ஆஞ்சியோ (நுரையீரல் ரத்தக்குழாய்களைப் பார்க்கும் ஸ்கேன்), 4 அல்லது அதற்குக் கீழ் டி-டைமர் (ரத்தக்கட்டி கரையும்போது வரும் பொருளை அளக்கும் ரத்தப் பரிசோதனை). ஆக, இந்த ஒரு பதில்தான் அவரை எந்த ரூமுக்கு அனுப்புவது என்று தீர்மானிக்கிறது. பலரும் மொத்தத்தைக் கூட்டிவிட்டு, அதற்குத் தோதாக இதை நிரப்புகிறார்கள். எனக்கு எரிச்சலே வரும். கூட்டுவதற்கு முன்பே ஈசிஜி, எக்ஸ்ரே பார்த்து, வேறு என்ன நோயாக இருக்கலாம் என்று கேஸ் ஷீட்டில் ஒரு வரி எழுதுங்கள். நாகர்கோவிலிலிருந்து கிளாம்பாக்கம் வரை ராத்திரி முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து வந்தது, கருத்தடை மாத்திரை இதற்கெல்லாம் தனி மார்க் கிடையாது. அவை இந்தக் கேள்விக்குள்தான் வரும்.

நம் அம்மாவுக்குக் காய்ச்சல் இல்லை, எக்ஸ்ரே சுத்தம், ஈசிஜியில் வேகம் மட்டும். வேறு பெயர் சொல்ல வரவில்லை. 6. சரி, சிடி.

இங்கே "எதற்கும் இருக்கட்டும்" என்று டி-டைமர் அனுப்பாதீர்கள். ஆபரேஷனுக்குப் பிறகு அது எப்படியும் ஏறியிருக்கக்கூடும். நார்மலாக வந்தாலும் 6 மார்க்கில் அதை நம்பி வீட்டுக்கு அனுப்ப முடியாது.

மார்க் குறைவாக வந்து டி-டைமர் பார்க்கும்போது, வரம்பு ஒரு மில்லிலிட்டருக்கு 500 நானோகிராம். 50 வயதைத் தாண்டியவர்களுக்கு வயதைப் பத்தால் பெருக்குங்கள், 58-க்கு 580. இந்தக் கணக்கு எஃப்இயு என்ற அலகுக்குத்தான். லேப் ரிப்போர்ட்டில் டிடியு என்ற அலகு இருந்தால் வரம்பு ஏறக்குறைய பாதி.

சிடிக்கு முன் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) அனுப்புங்கள். சிடி தாமதமானால், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரினை இப்போதே தொடங்கலாமா என்று சீனியரிடம் கேளுங்கள். தையல் போட்டு 3 வாரம்தான் ஆகிறது என்பதையும் அவரிடம் சேர்த்தே சொல்லுங்கள்.